எல்லை தாண்டினால் உங்கள் லைசென்ஸ் செல்லுமா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இரண்டு மாநிலம் என்பது அன்றாட விஷயம். ரேஷன் கார்டு கேரளாவில், பெண் கொடுத்தது பொள்ளாச்சியில், பையன் படிப்பது கோயம்புத்தூரில். குமுளி, ஆரியங்காவு, களியக்காவிளை என்று எல்லை நெடுக இதே கதைதான். வடக்கே சித்தூர், நகரி, குப்பம் பக்கம் போனால் கேரளாவுக்குப் பதில் ஆந்திரா, அவ்வளவுதான் வித்தியாசம்.

படிப்புக்கும் கல்யாணத்துக்கும் எல்லை பெரிய தடையாக இருப்பதில்லை. தொழில் என்று வரும்போதுதான் சிக்கல். “தமிழ்நாட்டில் வாங்கின சர்டிபிகேட் இங்கே செல்லுமா?” என்று கேட்டுப் பாருங்கள். டிரைவர் “இந்தியா முழுக்கச் செல்லும்” என்பார். வயர்மேன் “செல்லாது” என்பார். வக்கீல் “செல்லும், ஆனால்…” என்று இழுப்பார். அவரவர் தொழிலைப் பொறுத்தவரை மூவர் சொல்வதும் சரி. ஒருவர் பதிலை இன்னொருவர் தொழிலுக்குப் பொருத்தும்போதுதான் குழப்பம் வருகிறது.

முதலில் கையில் இருப்பது என்ன காகிதம் என்று பார்க்க வேண்டும். பொதுவாக மூன்று விதம் இருக்கும். பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. சான்று எல்லாம் படிப்புச் சான்று. இன்னது தெரியும் என்று மட்டும் சொல்லும். அடுத்தது பதிவு; நர்சிங் கவுன்சில், பார் கவுன்சில் போன்ற ஓர் அமைப்பின் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறது, இந்தத் தொழிலைச் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்வது. மூன்றாவது, குறிப்பிட்ட இடத்துக்கோ வண்டிக்கோ கடைக்கோ தரும் அனுமதி. மருந்துக்கடை லைசென்ஸ், டாக்ஸி பெர்மிட் போன்றவை இந்த வகை. நம் ஆட்கள் மூன்றையும் ‘லைசென்ஸ்’ என்றே சொல்வார்கள். ஆனால் எல்லையில் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். படிப்புச் சான்று பெரும்பாலும் தடையில்லாமல் கடந்துவிடும். பதிவு சில தொழிலில் கடக்கும், சிலதில் மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வகை அநேகமாக எல்லைக் கல்லோடு நின்றுவிடும்.

சட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்றால், அரசியல் சாசனத்திலேயே இதற்கு விதை இருக்கிறது. எந்தத் தொழிலையும் செய்ய ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவு, தொழிலுக்கு வேண்டிய தகுதியை அரசு நிர்ணயிக்கலாம் என்றும் சொல்கிறது. நிர்ணயிப்பது டெல்லியா, மாநிலமா? சட்டம், மருத்துவம் முதலிய தொழில்களைப் பொதுப்பட்டியலில் 26ஆவது இனமாக வைத்திருக்கிறார்கள். அதாவது இரண்டு பேரும் சட்டம் போடலாம். அதனால் பல தொழிலில் ஒரு நடுவழி உருவானது. தகுதி என்ன என்பதை மத்தியச் சட்டம் சொல்லும். பதிவேட்டை மாநிலம் வைத்துக்கொள்ளும். ஓட்டுரிமை நாடு முழுக்க இருந்தாலும், எந்த ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கிறதோ அங்கேதான் ஓட்டுப் போட முடியும் அல்லவா, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு.

ஆகவே ‘வேறு மாநிலச் சான்றை அங்கீகரிக்கிறோம்’ என்று ஒரு கவுன்சில் சொன்னால், பெரும்பாலும் அதன் பொருள் “நீங்கள் மறுபடி படிக்க வேண்டாம், மறுபடி பரீட்சை எழுத வேண்டாம்” என்பதுதான். “நாளைக் காலையில் வந்து வேலையை ஆரம்பியுங்கள்” என்பதல்ல. வேலை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இந்த இடைவெளியைப் பலர் கவனிப்பதில்லை.

நர்சிங்கை எடுத்துக்கொள்வோம். எல்லைப் பக்கத்தில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். கோயம்புத்தூரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த ஒரு பெண்ணுக்குப் பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1947ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின் 11ஆம் பிரிவு அவர் பக்கம் நிற்கிறது. அங்கீகரிக்கப்பட்ட படிப்பு எந்த மாநிலப் பதிவேட்டிலும் சேரப் போதுமான தகுதி என்கிறது அது. கேரளா “உன் பட்டம் தமிழ்நாட்டுப் பட்டம்” என்று தள்ளிவிட முடியாது. சரி, பட்டத்துக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அதே பிரிவு ‘சேரத் தகுதி’ என்றுதானே சொல்கிறது? ‘சேர்ந்தாயிற்று’ என்று சொல்லவில்லை. கேரளக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும்.

அதற்கான வழியை ரெசிப்ரோக்கல் ரெஜிஸ்ட்ரேஷன் என்பார்கள். விண்ணப்பம் புதுக் கவுன்சிலுக்குப் போகும். வெரிபிகேஷன் பழைய கவுன்சிலிலிருந்து வர வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தன் பதிவுச் சான்றை நோட்டரியிடம் அட்டெஸ்ட் செய்து அனுப்பினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். புதுக் கவுன்சிலுக்கு உங்கள் வாய்மொழியோ ஜெராக்ஸோ போதாது. “இவர் பெயர் எங்கள் பதிவேட்டில் இருக்கிறது, இவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை” என்று பழைய கவுன்சில் சொல்ல வேண்டும், அதுவும் நேராகப் புதுக் கவுன்சிலிடம் சொல்ல வேண்டும். ஆக, ஒரு பதிவுக்கு இரண்டு அலுவலகத்தில் விண்ணப்பம், இரண்டு இடத்திலும் கட்டணம். தேசிய அளவில் நர்சுகளுக்குத் தனி எண் தரும் ஏற்பாடு வந்த பிறகு சரிபார்ப்பு கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. ஆனால் அந்த எண் எடுக்காமல் விட்டவர்கள் முதலில் பழைய மாநிலத்தில் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க முடியும்.

1947 சட்டத்துக்குப் பதிலாக 2023இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதிலும் தேசியப் பதிவேடு, மாநிலப் பதிவேடு என்ற இரட்டை அமைப்புதான். மாநிலப் பதிவு என்ற படி அப்படியே இருக்கிறது.

பழைய பதிவு காலாவதியாகியிருந்தால் எதுவும் நகராது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்பும் பெண்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. வேறு மாநிலத்துக்குப் போகப் போகிறோமே, பழையதை எதற்குப் புதுப்பிப்பது என்று கேட்பார்கள். செத்த பதிவை எந்தக் கவுன்சிலும் சரிபார்த்துக் கொடுக்காது. முதலில் ரினியூவல், அப்புறம் மாற்றம்.

மருந்தாளுநர்களுக்கு 1948ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டம். இதில் ஒரு நல்ல விஷயம், வேறு மாநிலத்தில் பதிவு பெற்ற ஃபார்மசிஸ்டாக இருப்பதையே புதுப் பதிவுக்குத் தகுதியாக 32ஆம் பிரிவு ஏற்கிறது. கூடவே ஒரு நிபந்தனையும் இருக்கிறது. அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும், அல்லது அங்கே தொழில் செய்ய வேண்டும். வேலந்தாவளத்தில் வீடு, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கடை என்று இருப்பவருக்கு ‘தொழில் செய்கிறேன்’ என்ற வழி திறந்திருக்கிறது. வீட்டு முகவரி கேரளா என்பதால் தமிழ்நாட்டில் பதிய முடியாது என்று யாராவது சொன்னால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கடை லைசென்ஸ் வேறு விஷயம். அதைத் தருவது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அது கடையின் முகவரிக்கு. கடையை எல்லை தாண்டி மாற்றினால் ஆரம்பத்திலிருந்து வாங்க வேண்டியதுதான்.

ஊரறிந்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். பி.ஃபார்ம். சான்றிதழைக் கடைக்காரருக்கு மாத வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவது. எல்லைப் பக்கத்தில் இது இன்னும் வசதி என்று சிலர் நினைக்கிறார்கள், ஒரு மாநில இன்ஸ்பெக்டருக்கு மற்ற மாநிலக் கடை தெரியாது என்று. பதிவேடுகள் கம்ப்யூட்டருக்கு வந்துகொண்டிருக்கும் காலத்தில் அந்தத் தைரியம் எத்தனை நாளைக்கு? தவிர, மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாத ஒரு பையன் மருந்து எடுத்துக் கொடுக்கும் கடையில் உங்கள் பெயர் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வாடகை பெரிய தொகையாகத் தெரியாது.

டாக்டர்களுக்கு வருவோம். பழைய 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, இந்திய மருத்துவப் பதிவேட்டில் பெயர் இருந்தால் நாட்டின் எந்தப் பகுதியிலும் தொழில் செய்யலாம் என்று இருந்தது. இப்போது நடப்பில் உள்ளது 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டம். மாநிலப் பதிவேட்டிலோ தேசியப் பதிவேட்டிலோ பெயர் இல்லாதவர் வைத்தியம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதன் 34ஆம் பிரிவு சொல்கிறது. படிக்கும்போது, ஏதாவது ஒன்றில் இருந்தால் போதும் போலத்தான் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரி நிர்வாகம் உள்ளூர் கவுன்சிலின் எண்ணைத்தான் கேட்கும். 2023இல் வந்த விதிகளும், வேறு மாநிலத்தில் தொழில் செய்ய விரும்புபவர் அந்த மாநிலக் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற திசையில்தான் போகின்றன. 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவப் பதிவேட்டுக்கான இணையதளம் திறந்தது. நாடு முழுக்க ஒரே அடையாள எண் என்பது நோக்கம். அது முழுதாக நடைமுறைக்கு வந்தால் சென்னையில் பதிந்தவரைப் பாலக்காட்டில் சரிபார்க்கக் கடிதப் போக்குவரத்து தேவைப்படாது.

பரம்பரை வைத்தியர்கள் விஷயம் தனி. தமிழ் பேசும் எல்லைக் கிராமங்களில் நாட்டு வைத்தியம் பார்க்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அந்தப் பக்கம் பார்த்தோமே, இந்தப் பக்கமும் பார்க்கலாம் என்று வருகிறார்கள். கேரளாவில் பட்டமில்லாத பாரம்பரிய வைத்தியர்கள் தொடர்ந்த வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் பதிவும் இல்லாமல், பரம்பரை என்ற ஒரே காரணத்தால் வைத்தியம் பார்க்க முடியாது. அப்பா, தாத்தா பார்த்தது பதிவேட்டுக்குப் பதிலாகாது. கசப்பான தீர்ப்பு என்று சிலர் சொல்வார்கள். நோயாளியின் இடத்தில் நின்று பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வக்கீல்கள் விஷயத்தில் சட்டம் மிகத் தாராளம். 1961ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தின் 30ஆம் பிரிவு, எந்த மாநிலப் பார் கவுன்சிலில் பதிந்திருந்தாலும் இந்தியாவின் எல்லா நீதிமன்றங்களிலும் வாதாடலாம் என்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1961இல் எழுதிய இந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2011 ஜூன் 15 அன்று. ஐம்பது வருடம் சட்டப் புத்தகத்தில் தூங்கியது. இன்று தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிந்த ஒருவர் கேரளாவில் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா நீதிமன்றத்தில் வக்காலத்து போடலாம். மலையாளத்தில் சாட்சியை விசாரிக்க முடியுமா என்பது அவர் பாடு.

அப்படியானால் வக்கீல் ஏன் “ஆனால்” என்று இழுத்தார்? இரண்டு காரணம். 34ஆம் பிரிவு உயர் நீதிமன்றங்களுக்குத் தங்கள் விதிகளை வகுக்கும் அதிகாரம் தருகிறது. வெளிமாநில வக்கீல் உள்ளூர் வக்கீல் ஒருவரையும் சேர்த்துக்கொண்டுதான் ஆஜராக வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் வைத்த விதியை 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இன்னொரு காரணம், ஒரே நேரத்தில் இரண்டு மாநிலப் பதிவேட்டில் பெயர் வைத்திருக்க முடியாது. நிரந்தரமாகக் குடிபெயர்ந்துவிட்டால் 18ஆம் பிரிவின்படி பெயரை மாற்றிக்கொள்ளலாம். விண்ணப்பம் இந்திய பார் கவுன்சிலுக்கு. இந்த மாற்றத்துக்குக் கட்டணம் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் மறுக்கலாம். மேலே போகும் முன் ஒன்று: வருடத்துக்கு நாலு வழக்குக்காக எல்லை தாண்டுபவர் பெயரை மாற்றவே வேண்டியதில்லை. 30ஆம் பிரிவு அவருக்காகத்தான் இருக்கிறது.

சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்டுகளுக்கும் ஆர்க்கிடெக்டுகளுக்கும் இந்தத் தலைவலியே கிடையாது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரே இன்ஸ்டிட்யூட், 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரே ஆர்க்கிடெக்சர் கவுன்சில். நாடு முழுக்க ஒரே பதிவேடு. மாநிலம் இடையில் வருவதே இல்லை.

இனி வயர்மேன். எனக்கு இதுதான் எல்லைப் பக்கத்தின் நிஜமான பிரச்சினை என்று படுகிறது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் கேட்டுச் சொல்ல ஆளிருக்கிறது. வயரிங் வேலைக்காரர் அடிபட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்.

பொள்ளாச்சியில் தொழில் பழகி, தமிழ்நாட்டு மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் வயர்மேன் தகுதிச் சான்று வாங்கியவர் மீனாட்சிபுரத்தில் ஒரு புது வீட்டுக்கு வயரிங் ஒப்புக்கொள்கிறார். குழாய் பதித்து, ஒயர் இழுத்து, போர்டு மாட்டி, எர்த்தும் போட்டாயிற்று. வேலை சுத்தம். கனெக்‌ஷனுக்குக் கேரள மின் வாரியமான கே.எஸ்.இ.பி. அலுவலகம் போனால், வயரிங்கைச் செய்து முடித்ததாகக் கையெழுத்துப் போட்ட லைசென்ஸ் கான்ட்ராக்டர் யார் என்ற கேள்வி வரும். கேரளாவுக்குத் தனி மின் உரிம வாரியம் இருக்கிறது. அவர் பெயர் அங்கே இல்லை. அப்புறம் என்ன நடக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். உள்ளூர் கான்ட்ராக்டர் ஒருவரைப் பிடித்து, அவர் பார்க்காத வேலைக்கு அவர் கையெழுத்தை வாங்குவார்கள். நாளைக்கு ஷார்ட் சர்க்யூட் ஆனால் செய்தவர் ஒருவர், பொறுப்பு இன்னொருவர் தலையில். வீட்டுக்காரருக்கு இரண்டு பேரும் கைக்குச் சிக்க மாட்டார்கள்.

மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்த பாதுகாப்பு விதிகளில் 29ஆம் விதி இதைப் பற்றியது. மாநில அரசு லைசென்ஸ் கொடுத்த கான்ட்ராக்டர் எடுக்க வேண்டும், தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வை பார்க்க வேண்டும், மாநில அரசு ‘வழங்கிய அல்லது அங்கீகரித்த’ பெர்மிட் உள்ளவர் வேலை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 2023இல் விதிகளைப் புதிதாக எழுதினார்கள். இந்த அடிப்படை மாறவில்லை. ‘அல்லது அங்கீகரித்த’ என்ற அந்த வார்த்தையில்தான் வெளிமாநில வயர்மேனுக்கு வாசல் இருக்கிறது. வேறு மாநிலப் பெர்மிட்டை ஒரு மாநிலம் ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்னால், அந்த மாநில வாரியத்திடம் தன் சான்றை எண்டார்ஸ் செய்ய வழி உண்டா என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவது நல்லது.

அதே விதியில் விலக்கும் இருக்கிறது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற, இணைப்பின் திறனையோ தன்மையையோ மாற்றாத வேலைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. எனவே செக்போஸ்ட் தாண்டிப் போய் ஒருவர் வீட்டில் ஃபேன் மாட்டிவிட்டு வருபவர் பயப்பட வேண்டியதில்லை. புது வயரிங், கூடுதல் லோடு என்று போனால் கதை வேறு.

ஐ.டி.ஐ. படித்தவர்கள் இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்வார்கள். படிப்பு முடிவில் தரும் தேசியத் தொழிற்சான்று நாடு முழுக்கச் செல்லும்தான். ஆனால் அது நான் முதலில் சொன்ன முதல் வகைக் காகிதம். எலெக்ட்ரீஷியன் படிப்பு முடித்தீர்கள் என்று அது சொல்லும். வீட்டுக்கு வயரிங் செய்ய அனுமதி என்று சொல்லாது.

டிரைவர் சொன்னதைக் கடைசியாகப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 13ஆம் பிரிவு: டிரைவிங் லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும். தமிழ்நாட்டில் எடுத்த லைசென்ஸை வைத்துக்கொண்டு, அது காலாவதியாகாத வரை கேரளாவில் ஓட்டலாம். வண்டியின் பதிவும் நாடு முழுக்கச் செல்லும். ஆனால் வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கத்திய நம்பருக்கு மாற்ற வேண்டும் என்று 47ஆம் பிரிவு சொல்கிறது. பெர்மிட்டுக்கு 88ஆம் பிரிவு: ஒரு மாநிலம் கொடுத்த பெர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்ல வேண்டுமென்றால் அங்கே மேலொப்பம் வாங்க வேண்டும், இல்லையென்றால் தனிப் பெர்மிட் எடுக்க வேண்டும். ஒரே மனிதர், ஒரே வண்டி, மூன்று காகிதம், மூன்று விதி. குமுளியில் தமிழ்நாட்டு ஆட்டோ எல்லையோடு நின்று சவாரியை இறக்கிவிடுவது டிரைவரின் லைசென்ஸால் அல்ல, வண்டியின் பெர்மிட்டால்.

எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் எரிச்சலாக இருப்பதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. நிறைய இடத்தில் மனிதர்கள் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. சென்னை மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் வந்த 1914இல் பாலக்காடும் ஆந்திரச் சித்தூரும் சென்னை மாகாணத்துக்குள் இருந்தன. இரண்டு ஊர் டாக்டருக்கும் ஒரே பதிவேடு. அதே சமயம் பாலக்காட்டை ஒட்டிய சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானம், குமுளி திருவிதாங்கூர். 1953 அக்டோபரில் ஆந்திரா பிரிந்தது, 1956 நவம்பர் 1 அன்று கேரளா உருவானது, செங்கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, 1960 ஏப்ரலில் திருத்தணி திரும்பி வந்தது. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிரிந்தது; அதன் பிறகு கவுன்சில்களும் இரண்டாயின. 

அமெரிக்காவில் இதே பிரச்சினை இன்னும் கடுமை. அங்கே முடிதிருத்துபவர் முதல் பல தொழிலுக்கு மாநில லைசென்ஸ் வேண்டும். 2019இல் அரிசோனா மாநிலம் ஒரு பொது விதியைக் கொண்டுவந்தது. வேறு மாநிலத்தில் குறைந்தது ஓராண்டு லைசென்ஸ் வைத்திருந்து, நடவடிக்கை எதுவும் இல்லாமல், அரிசோனாவில் குடியேறினால் பெரும்பாலான தொழிலுக்கு அந்த லைசென்ஸை அங்கீகரிப்போம் என்றது. தொழிலுக்குத் தொழில் தனித்தனிச் சட்டத்தைத் தேடாமல் ஒரே விதி. நம் வயர்மேன்களுக்கு இப்படி ஒன்று, குறைந்தது பக்கத்து மாநிலங்களுக்கு இடையிலாவது, இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இனி விண்ணப்பத்தில் உண்மையிலேயே ஆட்களைத் தடுக்கும் சில்லறை விஷயங்கள். முதலாவது பெயர். தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றில் ‘எம். செல்வி’ என்று இருக்கும். ஆதாரில் ‘செல்வி முருகன்’. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். கேரளா ஆவணத்தில் வீட்டுப் பெயரும் சேர்ந்துகொள்ளும். கவுன்சிலில் உட்கார்ந்திருப்பவருக்கு இது நான்கு ஆட்கள். இன்ஷியலை விரித்து எழுதியதால் மட்டும் வந்த வித்தியாசம் என்றால் சில இடத்தில் அஃபிடவிட் போதும். பெயரே மாறியிருந்தால் கெஜட் கேட்பார்கள். பதிவு மாற்றத்துக்கு விண்ணப்பித்த பிறகு இதைச் சரிசெய்யப் போனால் இரண்டு கவுன்சிலிலும் திருத்த வேண்டி வரும். முன்னாலேயே பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடி மற்றதை ஒழுங்குபடுத்திக்கொள்வது சுலபம்.

இரண்டாவது, எந்தக் கடிதம் கேட்கிறோம் என்பது. பழைய கவுன்சிலிடம் என்.ஓ.சி. வாங்குவது வேறு, குட் ஸ்டாண்டிங் சர்டிபிகேட் வாங்குவது வேறு. என்.ஓ.சி. என்றால் பெரும்பாலும் “இவர் எங்களை விட்டுப் போக ஆட்சேபம் இல்லை”. பழைய பதிவு அதோடு முடியலாம். குட் ஸ்டாண்டிங் என்றால் “இவர் எங்கள் பதிவேட்டில் நல்லபடியாக இருக்கிறார்”. பதிவு அப்படியே இருக்கும். எல்லையில் குடியிருந்து இரண்டு பக்கமும் வேலை தேடுபவர் தெரியாமல் என்.ஓ.சி. வாங்கிவிட்டு, கேரளப் பதிவு வர இழுக்கும் மாதங்களில் தமிழ்நாட்டிலும் வேலை பார்க்க முடியாமல் நிற்பது உண்டு. புதுக் கவுன்சில் எதைக் கேட்கிறது, கொடுத்தால் பழைய பதிவு என்ன ஆகும் என்று இரண்டு இடத்திலும் கேட்டுக்கொண்டு விண்ணப்பம் போடுங்கள்.

மூன்றாவது, அசல் சான்றிதழ். சில ஆஸ்பத்திரிகளும் கல்லூரிகளும் சேரும்போது அசலை வாங்கி வைத்துக்கொள்கின்றன, பாதியில் விட்டுப் போகக் கூடாது என்று. கவுன்சில் சரிபார்ப்புக்கு அசலைக் கேட்கும்போதுதான் அது கையில் இல்லை என்பது உறைக்கும். அசலைப் பிடித்து வைக்கக் கல்வி நிறுவனங்களுக்கு உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. கேட்டும் தரவில்லை என்றால் வாய்ச்சண்டை போடாமல், தேதியோடு ஒரு கடிதம் எழுதி, போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். அந்த ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். புதிதாக வேலை கொடுப்பவர்கள் சேரும்போதே அசலைக் கேட்டால், பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லி ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.